சவ்வுப் பெரணியின் ஓரம்

ஆவுடையப்பன் பாடம் கேட்கப் போனபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. பாடம் சொன்ன பியூலா டீச்சருக்கு நாற்பதுதான் ஆகியிருந்தது.

தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் ஆவுடையப்பன். மருமகன் பொறுப்பெடுத்த பிறகும் காலையில் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். பியூலா டீச்சர் கல்லூரியில் தாவரவியல் எடுத்தார். லீவு நாளில் மலைக்குப் போய், பூவே பூக்காத பெரணிச் செடிகளைத் தேடிப் பார்ப்பார். அவருடைய கைலென்ஸின் திருகு கழன்றுபோய், அதைச் சரிசெய்யத்தான் அந்தக் கடைக்கு வந்தார்.

ஆவுடையப்பன் திருகை முடுக்கிவிட்டு, "எதையாவது வச்சுப் பாத்துட்டுக் கொண்டுபோங்க" என்றார்.

டீச்சர் பைக்குள்ளிருந்து ஈரத்துணியில் பொதிந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நகத்தளவு பச்சை. ஆவுடையப்பன் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"டீச்சர், இது இலையா?"

"இலைதான் அண்ணாச்சி."

"கீழே இருக்கிற மேஜை தெரியுதே."

"ஒரே ஒரு செல் அடுக்குதான் அதோட கனம். அதான் வெளிச்சம் அப்படியே உள்ள வருது. சவ்வுப் பெரணின்னு சொல்லுவோம். ஓடைப் பக்கத்துல, தண்ணி தெறிக்கிற பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கும். பாதிப் பேரு பாசின்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க."

"இதுல நெறைய வகை உண்டுமோ?"

"ரொம்ப இல்ல. ஆனா ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு மாதிரியே இருக்கும்."

ஆவுடையப்பன் லென்ஸைக் கீழே வைத்தார்.

"அப்ப எதை வச்சு இதுதான் அதுன்னு சொல்லுவிய?"

கேட்ட குரல் ஒரு மாதிரி இருந்தது. டீச்சர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

"சனிக்கிழமை மலைக்குப் போறேன். வாரியளா?" என்றார்.

எதை வைத்துச் சொல்வீர்கள் என்று ஆவுடையப்பன் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

ஆவுடையப்பனின் அண்ணன் சங்கரலிங்கம் ஆற்றங்கரைச் செங்கல் சூளை ஒன்றில் காவலுக்கு இருந்தார். ஒரு கார்த்திகை மாதம் பெய்த பெருமழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு சூளைக்குள் புகுந்தது. அண்ணனும் இன்னொருவரும் அதில் போய்விட்டார்கள். அந்த இன்னொருவரை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. எங்கிருந்தோ வந்து சூளையிலேயே தங்கி, அங்கேயே பொங்கித் தின்றுகொண்டிருந்த ஆள். அண்ணன் வயதுதான் இருக்கும். உடம்பும் அதே வாகு.

தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து, வெகுதூரம் தள்ளி ஓர் உடல் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

போர்வையை விலக்கிக் காட்டினார்கள். முகம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. துணியும் இல்லை. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய கண் காலில் போய் விழுந்தது. வலது கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே அப்படித்தான். சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்து இழுத்து நேராக்கப் பார்த்து அண்ணனிடம் அடி வாங்கியிருக்கிறார்.

"எங்க அண்ணன்தான்" என்றார்.

வீட்டில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பொட்டலமாகவே கொண்டுவந்து, வாசலில் கொஞ்சநேரம் இறக்கிவைத்து, அன்று மாலையே சுடுகாட்டுக்குத் தூக்கிவிட்டார்கள். அண்ணன் மனைவி, மதினி பாப்பாத்தி அழவில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொகத்தப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன் மதினி."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. இரண்டு வருடம் கழித்து ஒருநாள், கடைக்குக் கண் பார்க்க வந்த யாரோ ஒரு வெளியூர்க்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆவுடையப்பன் எதேச்சையாகக் கீழே பார்த்தார். அந்த ஆளின் வலது கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருந்தது.

அச்சு அசல் அதே விரல்.

அன்றைக்கு அந்த ஆளுக்கு என்ன பவர் எழுதிக்கொடுத்தோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரு விரலைப் பார்த்துச் சொல்லிவிட்டோமே என்ற எண்ணம் அன்றைக்கு உள்ளே நுழைந்ததுதான். அப்புறம் வெளியே போகவே இல்லை. யாரிடமும் அவர் அதைச் சொல்லவும் இல்லை. மதினி வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் அவர் டீச்சரோடு மலை ஏறினார். காட்டிலாகா அனுமதி டீச்சரிடம் இருந்தது. ஓடையை ஒட்டி மேலே போகப்போக வெளிச்சம் மங்கும். பாறைகள் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு வந்ததும் டீச்சர் பேச்சை நிறுத்திவிடுவார். கையால் காட்டுவார். ஆவுடையப்பன் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து லென்ஸை வைத்துப் பார்ப்பார். கண்ணாடியோடு காலம் தள்ளியவர் என்பதால் கை நடுங்காது.

"முதல்ல பேரைத் தேடாதிய" என்றார் டீச்சர். "ஓரத்தைப் பாருங்க. பல்லு இருக்கா, இல்லையா?"

"வழவழன்னு இருக்கு."

"சரி. இப்ப நரம்பைப் பாருங்க."

"நரம்பு தெரியுது. ஓரத்தை ஒட்டி இன்னொரு கோடும் ஓடுது."

"அந்தக் கோடு எதுலயாவது போய்ச் சேருதா?"

ஆவுடையப்பன் மறுபடியும் குனிந்தார். "சேரலையே. அந்தரத்துல நிக்குது."

"அது பொய் நரம்பு. நரம்பு மாதிரி இருக்கும், நரம்பு இல்ல. இப்ப நுனிக்கு வாங்க. விதைத்தூள் இருக்கிற கிண்ணம் எப்படி இருக்கு?"

"சின்னக் குழல் மாதிரி. அதுக்குள்ள இருந்து ஒரு முடி நீட்டிக்கிட்டு இருக்கு."

"இன்னொரு சாதியில அது குழலா இருக்காது. சிப்பி வாயைத் திறந்த மாதிரி ரெண்டு உதடு இருக்கும். ஓரம், நரம்பு, கிண்ணம். மூணும் ஒத்து வந்தாத்தான் பேரு."

"மூணும் கிடைக்கலைன்னா?"

"கிடைச்சதை எழுதி வைப்போம்."

"ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுதுன்னா?"

"அந்த ஒண்ணை எழுதி வைப்போம். பேரு எழுத மாட்டோம்."

ஆவுடையப்பன் எழுந்து ஓடையில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அந்த மலையில் டீச்சர் பல வருடமாக ஒரு சவ்வுப் பெரணியைத் தேடிக்கொண்டிருந்தார். ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பல் வைத்தது. முன்னொரு காலத்தில் யாரோ அங்கே பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. டீச்சர் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒவ்வொரு பாறையிலும் குனியும்போது அவர் அதைத்தான் தேடுகிறார் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும்.

பங்குனியில் அடித்த சூறைக்காற்றில் மேட்டின்மேல் நின்ற பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. மரம் விழுந்த இடத்தில் வெயில் நேராக இறங்கியது. சாய்ந்த அடிமரத்தின் பட்டையில் எரிந்த காகிதம்போல எதுவோ கறுத்துச் சுருண்டு ஒட்டிக்கிடந்ததை ஆவுடையப்பன் பார்த்தார். லென்ஸை வைத்தார்.

"டீச்சர்! ஓடி வாங்க!"

டீச்சர் வந்து பார்த்தார்.

"பல்லு இருக்கு டீச்சர். ஓரம் பூரா பல்லு."

"இருக்கிற மாதிரிதான் தெரியுது."

"அப்ப அதுதானே?"

"காய்ஞ்சு சுருண்டு கிடக்கு அண்ணாச்சி. கிண்ணமும் இல்ல. எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுது. அதுதான்."

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. "சாரல் விழட்டும். விரிஞ்சா பாப்போம்" என்றார்.

"அதுவரைக்கும் இந்த வெயில்ல இருக்குமா?"

"இருக்காது."

ஆவுடையப்பன் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பட்டையைப் பார்த்தார்.

"நான் இதைக் காப்பாத்தலாமா டீச்சர்?"

"காப்பாத்துங்க."

இரண்டு பேருமாகக் கத்தியால் பட்டையை மரச்சதை வராமல் சீவி எடுத்தார்கள். ஆவுடையப்பன் தோள்துண்டை ஓடையில் நனைத்து, அதில் பொதிந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி இறங்கினார். ஓடை ஒரு பாறைக்குப் பின்னால் திரும்பும் இடத்தில் வெயில் படாத இன்னொரு மரம் நின்றது. பட்டையை அதன் அடியில் வைத்து நூலால் சுற்றிக் கட்டினார்.

அதன்பிறகு அவர் சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து அடிவாரத்தில் இறங்கி ஏறத் தொடங்கிவிடுவார். பையில் ஒரு பழைய ஸ்பிரே புட்டி இருக்கும். கடையில் கண்ணாடி துடைக்க வைத்திருந்தது. அதை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டிருந்தார். ஓடைத் தண்ணீரை அதில் பிடித்து மெல்ல, பனி விழுகிற மாதிரி அடிப்பார்.

"இந்த வயசுல தெனமும் மலை ஏறணுமா மாமா?" என்று மருமகன் கேட்டான். "அப்படி என்ன செடி அது?"

"இந்த மலையிலயே இல்லைன்னு நெனச்ச செடி" என்றார்.

சித்திரையில் ஓடை மெலிந்தது. வைகாசி பிறந்தபோது அந்த வளைவில் தண்ணீரே இல்லை. இன்னும் மேலே, குட்டையாகத் தேங்கிய இடத்துக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருநாள் கால் வழுக்கி விழுந்து முழங்கையெல்லாம் சிராய்த்துவிட்டது. புட்டி உடையவில்லை என்பதைத்தான் முதலில் பார்த்தார்.

பெரணி அப்படியேதான் இருந்தது. தண்ணீர் அடித்தால் சற்று நேரம் கருப்பு வெளுத்துப் பச்சை காட்டும். மத்தியானம் மறுபடி சுருண்டுகொள்ளும். உயிர் இருக்கிறதா, இல்லை செத்த இலைதான் ஈரத்தில் ஊறுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று ஒருநாள் அதனிடம் சொன்னார். சொன்ன பிறகுதான் வாய்விட்டுப் பேசுகிறோம் என்று தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான். சாரல் வந்துரும்" என்று மறுபடியும் சொன்னார்.

சாரல் வந்தது. ஆனி மாதம் மேற்கேயிருந்து காற்று திரும்பி, மலை முழுக்க வெள்ளைத் துணி போர்த்தியதுபோல ஆனது. ஓடையில் சத்தம் வந்தது. பெரணி விரிந்தது. ஒரு வாரத்தில் பட்டை தெரியாமல் பச்சையாக மூடிக்கொண்டது. சில இலைகளின் நுனியில் பொட்டுப்பொட்டாக ஏதோ வந்திருந்தது.

ஆவுடையப்பன் லென்ஸை எடுக்கவில்லை. சனிக்கிழமை டீச்சரோடு சேர்ந்துதான் பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்தார்.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். மரத்தடியில் குனிந்து, ஒரு நிமிடம் வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு தன் கழுத்திலிருந்த லென்ஸைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க அண்ணாச்சி."

அவர் முழங்காலை ஊன்றினார். ஓரத்தைப் பார்த்தார். இன்னொரு இலையின் ஓரத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார்.

பல் இல்லை. வெயிலில் காய்ந்து சுருங்கியபோது விழுந்த மடிப்பைத்தான் பல் என்று நினைத்திருக்கிறார். விரிந்த இலையின் ஓரம் தண்ணீர்போல வழவழவென்று ஓடியது. நுனிக்கு வந்தார். சின்னச் சின்னக் குழல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது.

கீழேயுள்ள எல்லாப் பாறையிலும் ஒட்டிக்கிடக்கிற அதே பெரணி. முதல் நாள் அவர் பாடம் படித்த பெரணி.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஈரப்பாறைமேல் உட்கார்ந்தார். சாரல் அவர் தலையை நனைத்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர்."

"ஆமா."

"நீங்க தெரியாதுன்னு சொன்னிய. நான்தான் அடிச்சுச் சொன்னேன்."

"ஆமா."

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னேன்."

டீச்சர் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். ஆவுடையப்பன் சொல்ல ஆரம்பித்தார். ஆறு உடைத்ததைச் சொன்னார். போர்வையை விலக்கியதை, விரலை, மதினி கேட்டதை, தான் சொன்னதைச் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிய ஆளைப் பற்றிச் சொன்னார். ஊர்பேர் தெரியாத மேஸ்திரியைப் பற்றிச் சொன்னார். மேஸ்திரியின் காலை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அதையும் சேர்த்துச் சொன்னார்.

அவர் முடித்த பிறகு டீச்சர் கேட்டார்.

"கொள்ளி வச்சது யாரு?"

"அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. நான்தான் வச்சேன்."

"மறுநாள் காடாத்து?"

"அதுவும் நான்தான். பாலை ஊத்தி, எலும்பைப் பொறுக்கி, பாபநாசத்துல கொண்டுபோய்க் கரைச்சேன்."

"அழுதியளா?"

"கரைச்சுட்டு ஆத்துக்குள்ளயே நின்னு அழுதேன். கூட வந்தவங்கதான் கையைப் பிடிச்சுக் கரைக்குக் கூட்டிட்டு வந்தாங்க."

"இப்பவும் திதி கொடுக்கியளா?"

"வருசம் தவறாமக் கொடுக்கேன். ஆனா இப்பெல்லாம் எள்ளைக் கையில எடுக்கும்போது யாருக்குக் கொடுக்கோம்னு தெரியல."

டீச்சர் எழுந்தார். மரத்தடிக்குப் போனார். மழையில் நனைந்து பட்டையைக் கட்டிய நூல் ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. பையிலிருந்து புது நூலை எடுத்துப் பட்டையைச் சுற்றினார். இலை நசுங்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் விரலால் இலையை ஒதுக்கிக்கொண்டு சுற்றினார்.

ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்கு டீச்சர் கட்டுதிய? அது நீங்க தேடின செடி இல்லையே."

"இல்லதான்."

டீச்சர் முடிச்சுப் போட்டார். நூலின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"டீச்சர், அது எங்க அண்ணன்தானா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"இல்லைன்னா, எங்க அண்ணன் எங்க?"

"அதுவும் தெரியாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இத்தனை நாளும் தனக்குள்கூட முழுதாகக் கேட்டுக்கொள்ளாததைக் கேட்டார்.

"ஒருவேளை அது அந்த மேஸ்திரியா இருந்தா?"

டீச்சர் வந்து அவர் பக்கத்தில், அதே ஈரப்பாறைமேல் உட்கார்ந்தார்.

"அப்படின்னா, யாருமே இல்லைன்னு எல்லாரும் நெனச்ச அந்த மனுசனுக்கு ஆத்துக்குள்ள நின்னு அழ ஒரு தம்பி இருந்திருக்காரு, அண்ணாச்சி."